ஆள் அனுப்பிக் கேட்பது

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. நாமே போய்ப் பார்ப்பது ஒன்று. ஆள் அனுப்பிக் கேட்பது மற்றொன்று. எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்தில் முக்கால்வாசிக் காரியங்கள் இரண்டாவது வழியில்தான் நடக்கின்றன. முட்டை இன்று என்ன விலை, ராஜவாய்க்காலில் தண்ணீர் விட்டார்களா, நம் லாரி எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது, பெண் வீட்டார் என்ன நினைக்கிறார்கள் - எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் போக வேண்டும். பதிலோடு திரும்ப வேண்டும். இந்தக் காலத்தில் ஆளுக்குப் பதிலாக டெலிபோன் போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அனுப்புவது சுலபம். திரும்பி வந்தவன் சொல்வதைக் கேட்டுக்கொள்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. போனவன் உண்மையாகவே போய்ச் சேர்ந்தானா? சரியான வீட்டில்தான் கேட்டானா? அங்கே கேட்டதைச் சொல்கிறானா, வழியில் டீக்கடையில் கேட்டதைச் சொல்கிறானா? பேசாமல் நிற்கிறானே, அதற்கு என்ன அர்த்தம்?

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்காதவன். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்த வித்தை தமிழில் டைப் அடிப்பது ஒன்றுதான். அப்படிப்பட்ட எனக்கு இந்தச் சூட்சுமத்தை விளங்க வைத்தது ஒரு கம்ப்யூட்டர் சங்கதி என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். விளங்க வைத்தவள் என் அக்காள் மகள்.

அக்காளைக் கொடுத்திருக்கும் ஊர் ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றிலும் சோளக்காடு, மரவள்ளி, கோழிப்பண்ணை. கோடையில் நான் அங்கே போயிருந்தபோது, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர்கள் கூடுவதாக ஏற்பாடு. பழைய போட்டோக்களையெல்லாம் சேகரித்துச் சுவரில் பெரிதாகக் காட்டும் பொறுப்பு அக்காள் மகளுடையது. அவளிடம் ஒரு மடிக்கணினி உண்டு. 2011-இல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தில், பின்னால் ஒரு வருஷம் அவள் பிளஸ் டூ படித்தபோது இலவசமாகக் கிடைத்தது. அந்தத் திட்டத்தில் வந்த பல மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்து வந்தது. ‘பாஸ்’ லினக்ஸ் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கியது. மற்றப் பிள்ளைகள் சினிமாப் பார்த்துவிட்டு மூடி வைத்த பெட்டியில் இவள் லினக்ஸைப் பழகிக்கொண்டாள்.

வெள்ளைத் துணியில் படம் விழுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் சேலத்தில் இருந்தது. தமிழின் முதல் வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் அங்கிருந்துதான் வந்தது. என் சிறு வயதில் டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் முதல் ரீலைப் போட்டவுடன் ஒரு பையனைத் துணியருகே விரட்டுவார். “படம் துணிக்குள்ளே விழுதா, மண்ணிலே விழுதா, பாத்துச் சொல்லடா!” என்பார். பெட்டிக்குள் இருப்பவருக்குத் துணியின் ஓரம் தெரியாது. பையன்தான் அவருக்குக் கண்.

பள்ளிக்கூட ஒத்திகையில் அந்தப் பையன் இல்லாத குறை தெரிந்தது. ‘அனைவரையும் வரவேற்கிறோம்’ என்று அழகாக எழுதியிருந்தாள். சுவரில் ‘அனைவரையும் வரவே’ என்பதோடு நின்றுவிட்டது. முன் பெஞ்சியில் இருந்த ஒரு பெரியவர், “வரவேண்டாங்கறாங்களா?” என்று கேட்டுவிட்டு எழுந்தார்.

காரணம் எளிமையானது. மடிக்கணினியின் திரை 1366 புள்ளி அகலம். புரொஜெக்டர் 1024 புள்ளி அகலம். பெரிய பாயைச் சின்ன அறையில் விரித்தால் ஓரம் வெளியே போகும். கையால் ஒரு முறை சரி செய்துவிடலாம். ஆனால் மறுநாள் அதே மடிக்கணினி நூலகத்துக்குப் போக வேண்டும். அங்கே 1920 புள்ளி அகலத்தில் ஒரு டெலிவிஷன் இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் குனிந்து திருகிக்கொண்டிராமல், செருகியவுடன் எதிரே என்ன திரை என்று கணினியே கேட்டுத் தெரிந்து அதற்குத் தக்கபடி மாறிக்கொள்ள ஒரு ஸ்கிரிப்டு எழுதப் போவதாகச் சொன்னாள்.

ஸ்கிரிப்டு என்றதும் எனக்குச் சினிமா வசனம்தான் ஞாபகம் வந்தது. சொன்னேன்.

“இதும் அப்பிடித்தானுங்க மாமா. யாரு எப்ப வந்து என்ன செய்யோணும்னு எழுதி வெக்கறது. நடிக்கறது வேற ஆளுக” என்றாள்.

நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி புக்கிங் ஆபீஸ்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மேஜை, இரண்டு டெலிபோன், சுவரில் ஒரு சாமி காலண்டர். பல ஆபீஸ்களுக்குச் சொந்தமாக ஒரு சக்கரம்கூட இராது. ஆனால் கல்கத்தாவுக்குச் சரக்கு போகும். ஸ்கிரிப்டு அந்த ஜாதி. அதற்குத் திரையைப் பார்க்கக் கண் இல்லை. வெளியே இருக்கும் வேறொரு புரோகிராமைக் கூப்பிட்டுக் கேட்கிறது. அந்தப் புரோகிராமுக்குப் பெயர் எக்ஸ்-ராண்ட்-ஆர். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1984-இல் தொடங்கி, 1987-இல் பதினோராம் பதிப்பாக நிலைபெற்ற எக்ஸ் விண்டோ என்ற திரை ஏற்பாட்டுக்கு அது ஒரு தூதன். அந்த ஏற்பாட்டிடம் போய், எத்தனை திரைகள், என்ன அளவு என்று விசாரித்து வந்து வரிவரியாக ஒப்பிக்கும்.

அந்த ஏற்பாட்டுக்கு எப்படித் தெரியும்? இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையான ஆச்சரியம் உண்டாயிற்று. ஒவ்வொரு திரையிலும் அதன் ஜாதகம் எழுதி வைத்திருக்கிறார்கள்! 1994-இல் ஏற்பட்ட ஒழுங்கு. அடிப்படை ஜாதகம் 128 பைட்டுகள். செய்தவர் யார், எந்த வருஷம் எந்த வாரம் பிறந்தது, நீள அகலம் என்ன, எந்த அளவில் காட்டினால் அதற்குப் பிடிக்கும் - எல்லாம் அதில் உண்டு. கேபிளைச் செருகியவுடன் கணினி முதலில் ஜாதகத்தை வாங்கிப் பார்க்கிறது. நம்மவர்களைவிட ஆசாரம் அதிகம்.

புரொஜெக்டரின் ஜாதகத்தில் ஒரு வேடிக்கை. டெலிவிஷன் தன் உடம்பை மில்லிமீட்டரில் சொல்லிவிடும். பல புரொஜெக்டர்கள் 0 மில்லிமீட்டர் என்று சொல்லும். பொய் இல்லை. அதற்கென்று உடம்பு ஏது? சுவர் எவ்வளவு தூரமோ அவ்வளவு பெரிது. ஆனால் இதை அறியாத ஸ்கிரிப்டு அந்தப் பூஜ்யத்தால் எதையாவது வகுக்கப் போய் விழுந்து செத்துவிடும்.

அவள் எழுதிய முதல் ஸ்கிரிப்டு ஓடியது. இருந்த திரைகள் இரண்டு. ஸ்கிரிப்டு நாலு என்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே சிரித்தாள். தூதன் ஒவ்வொரு வாசலைப் பற்றியும் ஒரு வரி சொல்வான். திரை சேர்ந்திருந்தால் ‘கனெக்டட்’ என்பான். இல்லையென்றால் ‘டிஸ்கனெக்டட்’ என்பான். கனெக்டட் என்ற சொல் வரும் வரிகளையெல்லாம் எண்ணு என்று இவள் சொல்லியிருந்தாள். டிஸ்கனெக்டட் என்ற சொல்லுக்குள்ளேயே கனெக்டட் இருக்கிறதல்லவா? அதையும் எண்ணிவிட்டது. சொல்லுக்கு முன்னால் ஓர் இடைவெளி இருக்க வேண்டும் என்று சேர்த்தாள். கணக்கு இரண்டாயிற்று.

எனக்கு நம் தமிழ் நினைவுக்கு வந்தது. ‘சம்மதமில்லை’ என்பதில் முதலில் வருவது ‘சம்மதம்’ தான். அந்த ஒரு சொல்லுக்காகவே காதைத் தீட்டி வைத்திருப்பவனுக்கு மறுப்பும் உடன்பாடாகத்தான் கேட்கும்.

“இன்னும் ஒண்ணு இருக்குதுங்க மாமா. சில வாசலுக்கு மூணாவதா ஒரு பதில் வரும். சேந்திருக்குதா இல்லையான்னு தெரியலைம்பான்.”

“அப்போது என்ன செய்வாய்?”

“பழைய நீளக் கேபிளா இருந்தா ஜாதகம் போய்ச் சேராதுங்க. அப்ப அப்பிடி வரலாம். அதை ஆமான்னும் எடுக்கக் கூடாது, இல்லேன்னும் எடுக்கக் கூடாது. நின்னு, மனுசங்களைக் கேக்கோணும்.”

ஆள் அனுப்பிக் கேட்பதில் அவள் கடைப்பிடித்த ஒழுங்குகள் பல. தூதன் திரும்பும்போது பதிலோடு ஓர் எண்ணும் கொண்டு வருகிறான். 0 என்றால் காரியம் முடிந்தது. மற்ற எண்களெல்லாம் தோல்வி. 127 என்றால் அப்படி ஓர் ஆளே ஊரில் இல்லை. நம் பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்கினால் பெயில். இங்கே பூஜ்யம்தான் பாஸ். யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. வெற்றிக்கு ஒரு பெயர் போதும். தோற்பதற்குத்தான் நூறு காரணம் வேண்டும். பதிலைப் படிப்பதற்கு முன் அந்த எண்ணைப் பார் என்பது முதல் விதி.

இரண்டாவது விதி, குறைகளைச் சொல்லத் தனி வழி. இதன் பின்னால் அச்சுக்கூடக்காரர்கள் ரசிக்கக்கூடிய ஒரு கதை உண்டு. 1970-களில் பெல் லாபரட்டரீஸில் யூனிக்ஸை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டுரைகளை போட்டோடைப்செட்டரில் அச்சுக் கோத்து எடுப்பார்கள். ஒரு சமயம் விலையுயர்ந்த தாளில் கட்டுரை வரவில்லை. பைலைத் திறக்க முடியவில்லை என்ற ஒரு வரிதான் மணிமணியாய் அச்சாகி வந்தது. சில தடவை இப்படித் தாள் பாழான பிறகு, பதில் ஒரு வழியாகவும் புகார் இன்னொரு வழியாகவும் வரட்டும் என்று பிரித்தார்கள். புகாரைப் பதிலென்று நினைத்து அச்சேற்றிவிடும் ஆபத்து அதோடு குறைந்தது.

மூன்றாவது, காத்திருக்கக் கெடு. போனவன் வராமலே இருந்துவிட்டால் ஸ்கிரிப்டு விடிய விடியத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். பத்து விநாடி பார். இல்லையேல் எழுந்து போய்ச் செய்தி சொல்.

நாலாவதுதான் என் மனத்தில் தங்கியது. நூலகத்தில் தினம் மாலை ஐந்து மணிக்குப் படங்கள் தாமாகத் தொடங்கும்படி, ஸ்கிரிப்டை ‘கிரான்’ என்ற கடிகார வேலைக்காரனிடம் ஒப்படைத்தாள். அவள் கையால் ஓட்டினால் கடகடவென்று பதில் சொன்ன தூதன், கடிகார வேலைக்காரன் ஓட்டியபோது திரையைத் திறக்க முடியவில்லை என்று திரும்பிவிட்டான். கேள்வி அதே கேள்வி. கணினி அதே கணினி. அவள் உட்கார்ந்து ஓட்டும்போது எந்தத் திரை என்ற குறிப்பு சூழ்நிலையிலேயே இருக்கிறது. கடிகார வேலைக்காரனுக்கு அந்தச் சூழ்நிலை இல்லை. அதைச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது.

“கேக்கறது மட்டும் போதாதுங்க மாமா. எங்க நின்னு கேக்கறோம்கறதும் இருக்குது” என்றாள். பள்ளிக்கூடச் சுவரில் ‘வரவேற்கிறோம்’ முழுசாக விழுந்தது. இரு திரைகளுக்கும் தெரிந்த 1024 அளவை ஸ்கிரிப்டே தேர்ந்து எடுத்திருந்தது.

இனி நான் சொல்லப் போவது வீட்டு விஷயம்.

நான் போவதற்குப் பத்து நாள் முந்தி அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார்கள். ஜாதகம் பொருந்தியிருந்தது. கூடத்தில் இருபது பேர். அத்தனை பேருக்கும் நடுவில் ஒரு பெரியம்மா, “என்ன கண்ணு, மாப்பிள்ளையைப் புடிச்சிருக்குதா?” என்று கேட்டாளாம். பெண் தலையைக் குனிந்துகொண்டு பேசாதிருந்தாளாம். “மௌனம் சம்மதம்” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரிக்க, உப்புச் சர்க்கரை மாற்ற நாள் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அக்காள் இதைச் சந்தோஷமாகத்தான் என்னிடம் சொன்னாள்.

பக்கத்து வீட்டில் லாரி ஓட்டி ஓய்ந்த ஒருவர் இருக்கிறார். அன்று மாலை திண்ணையில் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு எப்படியோ கிளீனர்களைப் பற்றித் திரும்பியது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது டிரைவருக்குப் பின்புறம் தெரியாது. கிளீனர் இறங்கிப் போய், “வா, வா, வா” என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இடிக்கும்போல் இருந்தால் “ஹோல்டான்!” என்று கத்த வேண்டும்.

“குரல் நின்னு போச்சுன்னா?” என்று கேட்டேன்.

“வண்டியும் நிக்கோணுமுங்க. சத்தமில்லீன்னா வழி இருக்குதுன்னு அர்த்தமில்லீங்க. பையன் சக்கரத்துக்கடியிலே கூடக் கிடப்பான்” என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சாதாரணமாக இருக்கவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த பெண்ணும் கம்ப்யூட்டரைத் தொடாத கிழவரும் ஒரே விதியைச் சொல்கிறார்கள். பதில் வராவிட்டால் நில். நம்முடைய பெரியவர்கள் மட்டும், பதில் வராவிட்டால் நாள் பார் என்கிறார்கள்.

உள்ளே போய் அக்காளிடம் ஒன்று சொன்னேன். “கூடத்திலே இருபது பேர் எதிரிலே கேட்டதைக் கணக்கில் எடுக்காதே. நீ தனியாக ஒரு தடவை கேள்.” அக்காளுக்கு முகம் மாறிவிட்டது. ஆனால் கேட்டாள். கொல்லைப்புறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாளாம்.

அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. “எனக்கு இன்னும் தெரியலீங்கம்மா. அவங்ககூட ரெண்டு வார்த்தை பேசாம எப்பிடித் தெரியும்?” என்றாள்.

மூன்றாவது பதில்! எக்ஸ்-ராண்ட்-ஆர் போன்ற ஒரு புரோகிராமுக்குக்கூட அதற்கென்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பெண் பார்க்கும் கூடத்தில் நாம் வைக்கவில்லை.

மச்சான் நல்ல மனிதர். முணுமுணுத்தாலும் சொல்லி அனுப்பினார். பெண்ணும் பிள்ளையும் ஒரு நாள் பேசிப் பார்க்கட்டும், பிறகு முடிவு செய்யலாம் என்று. கதையாக இருந்தால் நான் இந்த இடத்தில் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து நிறுத்தியிருப்பேன். நடந்தது வேறு. ‘இன்னும் தெரியவில்லை’ என்று போன செய்தி, இரண்டு கை மாறி அங்கே போய்ச் சேரும்போது ‘இஷ்டமில்லை’ என்று ஆகிவிட்டது. அல்லது சரியாகவே போய், அவர்கள் காதில் அப்படி விழுந்ததோ என்னவோ. சம்பந்தம் நின்று போயிற்று. இரண்டே மாதத்தில் அந்தப் பிள்ளைக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தது.

அக்காள் நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “பேசாம இருந்திருந்தா இந்நேரம் உப்புச் சர்க்கரை மாத்தியிருக்கலாம்” என்று ஒரு தடவை சொன்னாள். அதற்கு மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்ல இடம்தான். பிள்ளையும் நல்ல பிள்ளை என்றுதான் கேள்வி. ஒருகால் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் பெண் சரி என்றே சொல்லியிருக்கலாம். அவளிடமே கேட்டேன். “இருக்கலாமுங்க மாமா. ஆனா கேக்காம எடுத்திருந்தாங்கன்னா, அப்பறம் எத்தனை வருசம் போனாலும் நான் சரீன்னு சொன்னேனா இல்லையான்னு எனக்கே தெரிஞ்சிருக்காது” என்றாள்.

மறுக்கும் வித்தையில் நாம் தேர்ந்தவர்கள்தான். ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்போம். ‘சொல்லி அனுப்புகிறேன்’ என்போம். சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் அர்த்தம் தெரியும், மனமும் புண்படாது. ‘எனக்கு இன்னும் தெரியவில்லை’ என்பதை மட்டும் ஒரு பதிலாக ஏற்றுக்கொள்ள நமக்குப் பொறுமை இல்லை. பெண் சொன்னால் திமிர் என்கிறோம். பிள்ளை சொன்னால் கோழை என்கிறோம். ஆமாம், இல்லை என்ற இரண்டே கூடைகள் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஏதாவது ஒன்றில் தள்ளிவிடுகிறோம். கணினி அப்படித் தள்ளினால் சுவரில் நாலு எழுத்து வெட்டுப்படும், மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

அக்காள் மகள் இப்போது சேலத்தில் வேலைக்குப் போகிறாள். காலை பஸ்ஸுக்குப் போய் இரவு திரும்புகிறாள். போன வாரம் அக்காள் டெலிபோனில் பேசினாள். மறுபடி ஒரு ஜாதகம் வந்திருக்கிறதாம். பொருத்தம் நன்றாக இருக்கிறதாம்.

“எப்போது வருகிறார்கள்?” என்று கேட்டேன்.

“வரச் சொல்றது இருக்கட்டும் தம்பி. மொதல்ல இவளை எங்க வெச்சு, யாரை விட்டுக் கேக்கறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன்” என்றாள்.